பத்துச் சொட்டு

“கிட்னிக்கு மருந்தா? உனக்குக் கிட்னியில என்ன கோளாறு?”

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான் அசீம்.

“வண்ணத் தண்ணி. சாக்கடையில ஊத்து.”

பூரபிக்கு முகம் சுண்டிப்போனது. மருந்தைக் கொண்டுவந்த அவள் அண்ணன் நிர்மால்யா எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

“கோளாறு வந்தப்புறம் குடிக்கிறதில்ல மாப்பிள்ளை. இது கிட்னிய பலமா வச்சிருக்கும். பத்துச் சொட்டு, கால் கப் தண்ணியில. பூரபி, வெங்காயம் பூண்டு கொஞ்ச நாளைக்கு வேண்டாம். தலைவலிக்கு மாத்திரை போடுறியே, அத முதல்ல நிறுத்து.”

“பதினோரு வருஷமா இருக்கிற தலைவலிக்கு இன்னிக்குத்தான் கவலை வந்துச்சா மச்சான்?”

அசீமுக்கு நாக்கில் எப்போதும் மிளகாய்தான். பக்கத்து வீட்டு ருமா அன்றைக்கே எங்கள் கல்கத்தா ஹாத்திபாகான் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள்.

“பொண்டாட்டியோட பொறந்த வீட்டு ஆள் வந்தாலே இந்த மனுஷனுக்கு ஆகாது.”

அவர்களுடைய மாடியில் குடியிருக்கிற எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்பா வீட்டுப் பத்திரத்தில் பூரபியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன அண்ணன், பதினோரு வருஷம் எட்டிப் பார்க்கவில்லைதான். அதற்காக, தேடி வந்தவனை இப்படியா பேசுவது?

அதன் பிறகு நிர்மால்யா ஞாயிறு தவறாமல் ஹௌராவிலிருந்து வந்தான். ஒரு கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா, மறு கையில் டிராம் ரோட்டு ஹோமியோபதி கடையின் பாட்டில்.

“தண்ணி நிறைய குடிக்கிறியா? ஊறுகாய தொடாதே.”

“சரிண்ணா.”

பூரபி சொட்டுகளை எண்ணி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். கோயில் தீர்த்தத்தைக்கூட யாரும் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.

பாய்ஃபோட்டா வந்தது. அண்ணனை எமன் அண்டக் கூடாதென்று, தங்கை பட்டினி கிடந்து அவன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கிற நாள். பதினோரு வருஷமாக வெறும் சுவரில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள், அன்று அண்ணன் நெற்றியில் வைத்தாள்.

நிர்மால்யா லூச்சிப் பூரி இரண்டைப் பிய்த்துத் தின்றான். மீனைத் தொடவில்லை. தண்ணீரில் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தள்ளி வைத்தான். அவன் பாதம் இரண்டும் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

தங்கைக்குப் புடவை வரும் என்று பார்த்தால், பையிலிருந்து ஆஸ்பத்திரி உறை வந்தது.

“பூரபி, எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. கூடப் பொறந்தவங்கன்னா ஒத்துப்போகும்னு டாக்டர் சொல்றார்.”

காகிதத்தில் பூரபியின் பெயர், வயது எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி.

அசீம் எழுந்து நின்றான்.

“பலி ஆட்டுக்குத் தழை போட்ட மாதிரி வாராவாரம் ஊத்தினது இதுக்குத்தானா?”

“அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல,” என்றாள் பூரபி. “அக்கறையிலதான் குடுத்தார். வியாதி அதுக்கப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். அப்படித்தானேண்ணா?”

நிர்மால்யா தரையைப் பார்த்தான். பூரபி கையெழுத்துப் போட்டாள்.

புருஷன் சம்மதமும் வேண்டுமாம். அசீம் மூன்று நாள் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் போட்டுக் கொடுத்தான்.

ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிர்மால்யா தேறி வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு நின்றன. பூரபி போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். ஒரு நாள், “தூங்குறார்.” இன்னொரு நாள், “டாக்டர் பேசக் கூடாதுன்னிருக்கார்.”

பூரபி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தைப் பார்த்தபடி இருப்பாள். சோறு இறங்கவில்லை. உடம்பு தேறவில்லை.

நல்லவேளை, மருந்து மட்டும் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, அதே கடை ஆள் கொண்டுவந்து கொடுப்பான். பாட்டிலோடு ஒரு சீட்டு: ‘தவறாமல் குடி. நிர்மால்யா.’

அன்றைக்குத்தான் பூரபி முகம் கழுவித் தலை வாருவாள்.

“பாத்தீங்களா? வர முடியலேன்னாலும் என்னை மறக்கல!”

“அந்த வண்ணத் தண்ணிய வாசல்லயே ஊத்து,” என்பான் அசீம், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“கிட்னியே குடுத்தாச்சு. இந்த ஆளுக்கு இன்னும் பொறாமை அடங்கல பாரேன்,” என்றாள் ருமா. நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

நேற்று என் புளியேப்பத்துக்கு உருண்டை வாங்க அந்த ஹோமியோபதி கடைக்குப் போனேன். முன்னால் நின்றிருந்த ஆளின் முதுகைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அசீம்.

கம்பவுண்டர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இந்தத் தடவையும் நிர்மால்யா பேர்தானே? மாசாமாசம் வாங்குறது நீங்க. உங்க பேரையே போட்டா என்ன அசீம் பாபு?”

“என் பேரைப் பார்த்து அவ எதுக்குத் தல வாரப் போறா? அதே எழுத்துல எழுதுங்க.”

கம்பவுண்டர் சீட்டை எடுத்தார். அசீம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

“இன்னொரு வரியும் சேருங்க. பாய்ஃபோட்டாவுக்கு அண்ணனால வர முடியாதாம். பட்டினியா காத்துக் கிடக்காம, பொட்டைச் சுவத்துல வச்சுட்டு வேளையோட சாப்பிடணுமாம்.”