கைப்பேசிக்கு ஒரு சல்யூட்

நாரின் நகர ராணுவ முகாமில் காலை வெயில் பனியில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. அணிவகுப்பைத் திருட்டுத்தனமாக நேரலையில் காட்டிய சிப்பாய் எல்தியாரின் கைப்பேசியைப் பலகையில் வைத்து, ஆணி அறையச் சுத்தியலை ஓங்குகிறார் மேஜர் ஷெர்மாத். "சுவத்துல மாட்டறேன், உங்கம்மா வந்து பாக்கட்டும்." "நேரலை இன்னும் ஓடுதுங்கய்யா" என்கிறான் எல்தியார். திரையில் சிவப்பு இதயங்கள் மீன்குஞ்சுகளாய் மேலேறுகின்றன; நடுவே ஜெனரல் எழுதிய ஒரு வரி: 'மேஜர், காலர் பொத்தான் திறந்திருக்கிறது.' சுத்தியல் பனியில் விழுகிறது. பொத்தானை மாட்டிக்கொண்டு கைப்பேசிக்கு விறைப்பாக சல்யூட் அடிக்கிறார் மேஜர்; பின்னால் இருநூறு கைகள் ஒன்றாக உயர்கின்றன. தண்ணீர் வண்டிக் குதிரைகூட முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. கையை இறக்கச் சொல்ல வேண்டிய ஜெனரலோ மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. "சார்ஜ் ரெண்டு சதவீதம்தான் இருக்குங்கய்யா." உதடு அசையாமல் மேஜர் சொல்கிறார்: "ஓடிப்போய் சார்ஜரை எடுத்துட்டு வாப்பா, தங்கம்."