நாலு மீட்டர் மிச்சம்

வியட்நாமில் அந்தக் குகைக்குள் மூன்று பேர் போனோம்: இசக்கிசெல்வி, நான், ஜோன்ஸ். ஒரே கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தோம். கடைசியாக வந்த ஜோன்ஸுக்குப் பின்னால் நாலு மீட்டர் மிச்சம் தரையில் இழுபட்டது. வாசலில் நான்தான் அளந்தேன்.

ஜோன்ஸுக்குச் சொந்த ஊர் கடற்கரையிலுள்ள தருவைகுளம். அங்கே சங்கு குளிப்பவர் கயிற்றை இரண்டு முறை சுண்டினால், படகில் இருப்பவர் உடனே தூக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் அவன் அண்ணன் சுண்டினான். விளையாடுகிறான் என்று ஜோன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு தூக்கியபோது கயிறு மட்டும் வந்தது.

பாதி வழியில் ஜோன்ஸ் நின்றான்.

"பின்னால ரெண்டு தடவ சுண்டுது."

"கல்லுல மாட்டிருக்கும். பயங்காட்டாம வாலே," என்றாள் செல்வி.

"இந்தத் தடவ சிரிக்க மாட்டேன்ளா."

இழுக்கத் தொடங்கினான். நான் விளக்கைக் காட்டினேன். குகை உலர்ந்திருந்தது. கயிறு நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்.

அவன் காலடியில் சுருள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கயிறு இன்னும் வந்துகொண்டிருந்தது.

"கனக்குது. நீங்களும் பிடிங்க."

செல்வி போய்ப் பிடித்தாள். நானும் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன்.

என் உள்ளங்கையில் இரண்டு முறை சுண்டியது.