பழைய க்வெரி

திரையில் பூஜ்யம் என்று வந்தது.

அரை நொடிகூட ஆகவில்லை. ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில் பெயர்களைத் தேட அவள் எழுதிய கட்டளை, அந்த க்வெரி, அவ்வளவு வேகம். ரத்ததானம் செய்ய முன்வந்தவர்கள் இரண்டே முக்கால் லட்சம் பேர். பிளட் குரூப் என்ற ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடும். அதற்குத்தான் போன வருஷம் எல்லாரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் பிரசவ வார்டு சிஸ்டர் லூர்துமேரி நின்றிருந்தார். வார்டில் ஒருத்திக்குப் பாம்பே குரூப். வேறு எந்த ரத்தமும் சேராது. இரண்டு மணிக்கு ஆபரேஷன்.

மறுபடி ஓட்டினாள்.

மறுபடி பூஜ்யம்.

"பழைய ஃபாரத்துல பாம்பேன்னு ஒரு கட்டமே கிடையாதேம்மா. ஓன்னு டிக் பண்ணிட்டு, கீழ குறிப்புல எழுதி வைப்போம்" என்றார் சிஸ்டர்.



குறிப்பைப் படிக்கும் வரியை வெட்டி எறிந்தது அவள்தான். வேகத்துக்காக.

பழைய க்வெரியைத் தேடி எடுத்தாள். ஒவ்வொருவரின் குறிப்பையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக்கொண்டு போகும் ஆமை. அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்து அதை எழுதிய மனிதரை அவள் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

ஓட்டினாள்.

ஒரு நிமிடம்.

மூன்று நிமிடம்.

பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நிறுத்தவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்றாள்.

ஆறு நிமிடம். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

ஞானதுரை, வயது நாற்பத்தொன்று, பாளையங்கோட்டை. குரூப், ஓ பாசிட்டிவ். குறிப்பு: பாம்பே. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அவருடைய எண்ணை அழுத்தினாள்.

ரத்த வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"முன்னெல்லாம் அடிக்கடி கூப்பிடுவீங்க. ஒரு வருஷமா யாருமே கூப்பிடலையேம்மா. நம்பரத் தொலச்சிட்டீங்களோன்னு நெனச்சேன். எங்க வரணும்?"

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அந்தப் பக்கம் கடை ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.