பின்னங்கால் முத்திரை

கிர்கிஸ்தானின் நாரின் நகரில் காலை வெயில், கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்திய பழைய வோல்கா காரின் அடிவயிற்றில் சாய்வாக விழுகிறது. கழற்றிய சக்கரங்கள் நான்கும் புல்லில் கிடக்கின்றன. பழைய கார்ச் சங்கத்திலிருந்து சோதிக்க வந்த தோரோன்பெக் குத்தவைத்து, துருவேறிய பின்பக்க பிரேக் டிரம்மை விரலால் தடவுகிறான். நான்கு டிரம்மும் வண்டியோடு பிறந்தவையென்றால், ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலத்தில் சொந்தக்காரி ஷார்கானின் இந்த வண்டிதான் முதலில் போகும். “முன்னாடி ரெண்டும் சுத்தம் அக்கா. பின்னாடிதான் நம்பரை அரம் போட்டு அழிச்சிருக்கு. திருட்டு டிரம்மை யாரோ உங்க தலையில கட்டிட்டாங்க.” ஷார்கான் அவன் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துருவை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறாள். அரம் பட்ட இடத்தில், உளியால் வெட்டிய ஓர் அடையாளம் மெல்லத் தெளிகிறது: பிறையின் மேல் இரட்டைக் கொம்பு. அதன் ஓரத்தில் அரத்துக்குத் தப்பிய இரண்டே இலக்கங்கள், 62. வண்டி பிறந்த வருடம். “எங்கப்பா வேலைடா இது. வாங்கின அன்னிக்கே, ‘என் சொத்துல எவன் முத்திரை?’ன்னு அழிச்சிட்டுத் தன்னோடதை வெட்டிட்டாரு.” “அப்போ முன்னாடி ரெண்டை ஏன் விட்டாரு?” அவள் துணியை உதறி வேலிப்பக்கம் காட்டுகிறாள். அங்கே மேயும் செந்நிறப் பெண்குதிரை வாலை வீசுகிறது. அதன் பின்தொடையில் அதே பிறை, அதே இரட்டைக் கொம்பு. “ஏன்டா, கிர்கிஸ்காரன்தானே நீ? குதிரைக்கு முன்னங்கால்லயா சூடு போடுவாங்க?” தோரோன்பெக்கின் காது சிவக்கிறது. நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, ஊர்வல வரிசை எண்ணாகப் பக்கம் நிறைய ‘1’ என்று எழுதுகிறான்.