பச்சைக்கு அடியில்

"இன்னொரு தடவை நகர்த்து," என்றார் ஊர்ப் பெரியவர் விலிகேசா.

சர்ச் கூடத்துச் சுவரில் ப்ரொஜெக்டர் வழியாக எங்கள் புது ஊரின் வரைபடம் தெரிந்தது. கடல் அடுப்படிவரை வந்துவிட்டதால் ஊரையே குன்றுக்கு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு பச்சைக் கட்டம். வரைந்தவள் எங்கள் ஊர்ப் பெண் கெலேரா. தலைநகர் சுவாவில், நில அலுவலகத்தில் வேலை.

பாதைக்கு இடம் விடத் தள்ளியிருந்த தன் அப்பா வீட்டுக் கட்டத்தை மறுபடி கொஞ்சம் தள்ளினாள். நகரும்போது பச்சை காணாமல் போய் வெறும் கோடு நின்றது. அடியில் ஏதோ சிவப்பாக எட்டிப் பார்த்தது. மவுஸை விட்டதும் பச்சை வந்து மூடிக்கொண்டது.

"பார்த்தீங்களா?" என்றார் விலிகேசா எங்களிடம்.

"அது ஒண்ணுமில்ல மாமா. மெஷின் பழசு. நகர்த்துறப்ப கலர் போயிடும்."

"அப்ப என் வீட்டை நகர்த்து."

நகர்த்தினாள். அங்கேயும் பச்சை போனது. அடியில் வெறும் வெள்ளை.

"என் வீட்டுக்கு அடியில ஒண்ணையும் காணோம். உங்க வீட்டுக்கு அடியில மட்டும் என்ன, புதையலா?"

எல்லோரும் சிரித்தோம். ஏற்கெனவே எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான். குன்றின் உச்சியில், ஊற்றுக்குப் பக்கத்து மனை அவள் அப்பாவுக்கு. பரிமாறுகிறவள் தன்னவளாக இருந்தால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன!

"அந்தப் பச்சையை எடு," என்றார் விலிகேசா.

"வேணாம் மாமா."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?"

கெலேரா வாசற்பக்கம் பார்த்தாள். அவள் அப்பா யொசெஃபோ யங்கோனா வேர்ப் பானம் நிறைந்த சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட இருங்களேன்."

"எடும்மா," என்றார் அவர். "என் பொண்ணு திருடலைன்னு நானும் பார்க்கணும்."

அவள் பச்சையை அடியில் தள்ளினாள். சிவப்புக் கோடுகள் மேலே வந்தன. ஊற்றிலிருந்து கிளம்பி அந்த மனையை முழுசாக விழுங்கிக்கொண்டு இறங்கின.

"மழைக்கு மண் சரியிற இடம் மாமா," என்றாள். "மேல இருக்கிறதே இத்தனை மனைதான். இதை விட்டா ஒரு குடும்பம் கடல்கிட்டயே கிடக்கணும். சீட்டுப் போட்டா உங்களுக்கே விழலாம். உங்க வீட்டுல பேரப்பிள்ளைங்க இருக்கு. எங்க வீட்டுல அப்பா ஒருத்தர்தான். நானும் வேலையை விட்டுட்டு அவரோட வந்து இருந்துக்கறேன்."

கெலேரா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அவர் பயப்படக் கூடாதுன்னுதான் மூடி வெச்சேன்."

யொசெஃபோ சிரட்டையைக் கீழே வைத்தார்.

நாங்கள் எல்லோரும் விலிகேசாவைப் பார்த்தோம். எங்கள் வாயில் வராத வார்த்தையை அவராவது சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் சுவரில் தன் வீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெலேராவிடம் திரும்பினார்.

"சரிம்மா. அந்தப் பச்சையை மறுபடி மேல எடுத்து வெச்சிடு."