கதவு மூடுவதற்கு முன்

"கதவத் திறங்க! தண்ணி வருது! எல்லாரும் சாகப்போறம்!"

கஜானி இருக்கைப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்று கத்தினாள். கட்டுநாயக்காவிலிருந்து குவைத்துக்குப் புறப்பட இருந்த விமானம் இன்னும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெளியே நல்ல வெயில்.

பக்கத்தில் இருந்த அஸீமா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "புள்ள, இரி. எல்லாரும் பாக்காங்க."

கஜானி கையை உதறினாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வீசினாள். அது முன் இருக்கைக்காரரின் தலையில் பட்டு விழுந்தது. ஓடி வந்த பணிப்பெண் தோளைத் தொட்டதும், அவளுடைய மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டாள்.

முன் இருக்கைக்காரர் காத்தான்குடி ஆள். தலையைத் தடவிக்கொண்டு திரும்பினார். "உங்கட ஆளா இது?"

"இல்ல காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிப் பதில் சொன்னாள் அஸீமா. "ஏர்போட்டுக்குள்ள வந்துதான் கண்ட. வவுணதீவுப் புள்ள."

அது உண்மைதான். விமானத்தில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள்.

கடவுச்சீட்டில் அவளுக்கு வயது இருபத்திரண்டு. உண்மையில் பதினேழு. வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் தரகன் கூட்டி எழுதியிருந்தான். "நீயாத் திரும்பி வந்தியெண்டா, கையெழுத்து வெச்ச உன்ட அம்மாவத்தான் பொலிஸ் புடிக்கும்" என்று சொல்லி, அவள் உள்ளே போய் மறையும்வரை வாசலில் நின்று பார்த்தானாம்.

அஸீமாவுக்கு இது மூன்றாவது பயணம். முதல் தடவை போனபோது அவளுக்கும் பதினெட்டு ஆகியிருக்கவில்லை. அந்த வீட்டில் தனக்கு நடந்ததை ஏறாவூரில் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூட. இன்று இந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"இந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லிப் பயங்காட்டினீங்க?" என்றார் காத்தான்குடிக்காரர்.

அஸீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் கஜானி ஓடிப்போய் அவசரக் கதவின் பிடியில் தொங்கினாள். பெண்கள் அலறினார்கள். குழந்தைகள் வீரிட்டன. இரண்டு ஆண்கள் அவளுடைய இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் அமர்த்தினார்கள்.

ஓர் இளைஞன் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தான். அஸீமா எழுந்து போய்க் கையால் மறைத்தாள். "வேணாம் தம்பி. நாளைக்கு அந்தப் புள்ள ஊருக்குள்ள முகம் குடுக்கணும்." அவன் ஓரடி நகர்ந்து நின்று எடுத்துக்கொண்டே இருந்தான். அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

பணியாளர்களின் தலைவர் வந்தார். இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அரபியில் கேட்டார். சுற்றி நின்றவர்களில் தமிழோடு அரபியும் தெரிந்தவள் அஸீமா ஒருத்திதான்.

கஜானி "அம்மா, அம்மா" என்று மட்டும் விம்மிக்கொண்டிருந்தாள்.

"மேலே போனதும் கதவைத் திறந்துகொண்டு குதிப்பேன் என்கிறாள்" என்று அஸீமா அரபியில் சொன்னாள்.

தலைவரின் முகம் மாறியது. விறுவிறுவென்று விமானியிடம் போனார். பத்தே நிமிடத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் இருவர் ஏறி, கஜானியின் கைகளைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டினார்கள்.

"பாவம்" என்றார் காத்தான்குடிக்காரர். அவருடைய கோபம் போயிருந்தது. "பைத்தியமெண்டு எழுதி இறக்கப்போறாங்க. இனி எந்த ஏஜென்சிக்காரனும் இவள எடுக்கமாட்டான்."

"ஓம் காக்கா" என்றாள் அஸீமா. அவள் இனி இரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்ய வேண்டும். ஏறாவூரில் மூன்று பிள்ளைகள்.

கஜானியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலைமுடி கலைந்து, கன்னமெல்லாம் கண்ணீர். அஸீமாவின் இருக்கையைத் தாண்டும்போது கால் மடங்கி அவளுடைய தோளில் சாய்ந்து விழுந்தாள். அதிகாரிகள்கூட ஒரு கணம் இரக்கப்பட்டு நின்றார்கள்.

அந்த ஒரு கணத்தில் அஸீமாவின் காதுக்குள் மெல்லக் கேட்டது:

"அக்கா, சரியாச் செஞ்சனா?"