பெட்டி தூக்கும் ஆள்

“தள்ளி வாடா, மொஹெய்! என் நிழலை மிதிச்சுக்கிட்டா வர்றே?”

குன்பெய் திரும்பிப் பார்க்காமலே அதட்டினான். இடது இடுப்பில் சாமுராயின் இரட்டை வாள், முகத்தில் ஒரு கோட்டைக்கே சொந்தக்காரன் போன்ற விறைப்பு. பெட்டி சுமந்து வந்த மொஹெய், “மன்னிக்கணும் ஐயா” என்று குனிந்து பின்தங்கினான்.

மிஷிமா ஊரில் ஒரு பிரபுவின் பரிவாரம் எடோ நகரத்துக்குப் போகும் வழியில் தங்கியிருந்தது. அதில் ஒரு எழுத்தர் வேலை காலி. ஆனால் பெட்டி தூக்க ஓர் ஆள்கூட இல்லாமல் வரும் சாமுராயை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஜமான் இல்லாமல் வருஷக்கணக்காக அலைந்த குன்பெய்க்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

பைன் மரச் சாலையில் நாடே நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிற கும்பல் பாடிக்கொண்டு போனது. குதிரைக்காரன் ஒரு பிக்குணியிடம் வம்பளந்தான். பிச்சைக்காரர்கள்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். வாயை மூடிக்கொண்டு நடந்தவன் குன்பெய் ஒருவன்தான். கௌரவம் உள்ளவன் வேலைக்காரனோடு பேச்சுக் கொடுப்பதில்லை. பேசாமல் பேசாமல் அவனுக்குத் தொண்டையே வறண்டு போயிருந்தது.

வழியில் ஒரு தேநீர்க் கடை. அவன் பலகையில் அமர்ந்தான். மொஹெய் பெட்டியோடு மண்ணில் குந்தினான்.

“ஒண்டியாவா ஐயா போறீங்க?” என்றாள் கடைக்காரி.

“ஆள் இருக்கான்ல?”

“ஆளு இருந்தா துணை ஆயிடுமா?” என்று சிரித்தவள் மொஹெய்யைப் பார்த்தாள். “வரும்போதே பார்த்தேன், இடது பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கிறானே. சுளுக்கா?”

“பெட்டி கனம்.”

“பெட்டி வலது தோள்லதானே இருந்துச்சு!”

குன்பெய்க்குத் தேநீர் புரையேறியது. “நிமிர்ந்து நடந்து தொலைடா, கழுதை!” என்று எழுந்தான். குச்சியில் கோத்த கொழுக்கட்டையைப் பாதி தின்றுவிட்டு, “வேகவே இல்ல, நீ தின்னு” என்று மொஹெய் பக்கம் நீட்டினான். கொழுக்கட்டை நன்றாகவே வெந்திருந்தது.

மிஷிமா விடுதியில் பிரபுவின் அதிகாரி விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். குன்பெய் பயபக்தியோடு எழுதிக் காட்டிய எழுத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலில் மண்டியிட்டிருந்த மொஹெய்யைத்தான் தலை முதல் கால் வரை அளந்தார்.

“ஆளை நல்லாப் பழக்கி வெச்சிருக்கே! முதுகு எப்படி வளையுது பாரு! வேலை உனக்குத்தான்யா. விடிஞ்சதும் ஊர்வலத்தோட கிளம்பு.”

குன்பெய்யின் நெற்றி பாயைத் தொட்டது. “பெரிய மனசு. நான் மட்டும் வர்றேன் ஐயா. இவனை ஊருக்கு அனுப்பிட்டு…”

“என்னது! பெட்டி தூக்க ஆளில்லாம எங்க பரிவாரத்துல நடப்பியா? பிரபு மானம் என்ன ஆகுறது?”

“வேற ஒருத்தனைப் பிடிச்சு…”

“எனக்கு இவன்தான் வேணும். உன் பேருக்குக் கீழேயே எழுதியாச்சு. நீ இருக்கிற வரைக்கும் இவன் உன் ஆளு. போ, போ.”

மொஹெய் கொல்லையில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். குன்பெய்யைக் கண்டதும் எழுந்து, கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டான்.

குன்பெய் தலையாட்டினான். அக்கம்பக்கம் யாரும் இல்லை. இடுப்பிலிருந்து வாள்களை அவிழ்த்து ஓரமாக வைத்தான். அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு, வேலைக்காரனின் காலடியில் நெற்றியைப் பதித்தான்.

“நாளைக்கு வாள் கட்டிக்கிட்டு எஜமானா நடக்கிறது உங்க முறை. இனிமே எப்பவும் என் முறைதானாம், அண்ணா.”